நோய் கண்ட மீன் தொட்டியைக் கழுவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் செல்லூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணே, மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்துச்சுன்னு தொட்டியை பிளீச்சிங் போட்டுக் கழுவி, மொட்டை மாடியில காயவெச்சு, புதுத் தண்ணி விட்டேன். மூணாம் நாளே எல்லா மீனும் மேல வந்து வாயைப் பிளக்குது. வியாதி திரும்ப வந்துருச்சு போல."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மீன் வளர்க்க ஆரம்பித்த இரண்டாம் வருடம், ஒரு சித்திரை மாதத்தில், நானும் இதையேதான் செய்து ஆறு ஏஞ்சல் மீன்களைப் பறிகொடுத்தேன்.

சோப்பு ஆகாது, கொதிநீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும் என்பதெல்லாம் தெரிந்ததுதான். தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

அழுக்கின் மேலேயே பிளீச் ஊற்றுவது

பாசியும் மீன் கழிவும் ஒட்டியிருந்தால் குளோரின் அவற்றிலேயே செலவாகிவிடும். முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம், வாசனை சேர்க்காத பிளீச் திரவம் ஒரு பங்குக்கு 19 பங்கு தண்ணீர், 15 நிமிடம். பலசரக்குக் கடையில் வாய் திறந்து கிடக்கும் பிளீச்சிங் பவுடரை நம்பாதீர்கள். காற்றும் வெக்கையும் பட்டு வீரியம் குறைந்திருக்கும். கட்டி தட்டி, மூக்கில் ஏறும் நெடி இல்லாமல் இருந்தால் அதை வாங்க வேண்டாம்.

பிளீச்சோடு பாத்ரூம் ஆசிட் கலப்பது

கூடவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

கழுவிய கையோடு மீனை விடுவது

பில்டர் ஸ்பாஞ்சைப் பிழிந்தால் பழுப்பு நிறத்தில் வழவழவென்று ஒன்று இறங்கும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் தொட்டியின் உயிர் அதில்தான் இருக்கிறது. மீன் செவுள் வழியாக வெளியே விடும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் இடம் அது. அன்றைக்கு அந்த ஸ்பாஞ்சை நான் பிளீச்சில் முக்கி, புதிது போல மஞ்சளாகும்வரை குழாயடியில் பிழிந்தேன். மறுநாள் மீன்களை விட்டேன். மூன்றாம் நாள் காலையில் இரண்டு மீன்கள் பில்டர் வாயில் ஒட்டிக்கிடந்தன. உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. செவுள் மட்டும் ரத்தச் சிவப்பு. நோய் அல்ல, பாக்டீரியா செத்ததால் தேங்கிய அம்மோனியாதான் கொன்றது.

நம் ஊர்ப் பக்கம் இது இன்னும் வேகமாக நடக்கும். வாளி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிய வைக்கும் போர் தண்ணீரில் பி.எச். பெரும்பாலும் 7-க்கு மேலேதான் இருக்கும். பி.எச். ஒன்று கூடினால் அம்மோனியாவில் நஞ்சான பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். வெயில் காலச் சூடு அதை இன்னும் கூட்டும்.

எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். மீன் மூச்சு வாங்குவதைப் பார்த்ததும் கடையில் மெத்திலீன் ப்ளூவை எடுத்து நீட்டுகிறார்கள். மிச்சம் மீதி பாக்டீரியா இருந்தால் அதையும் அந்த மருந்து பாதிக்கும். அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்கச் சொல்லி யாரும் சொல்வதில்லை.

உண்மையில் வெள்ளைப் புள்ளிக்கு பிளீச்சே தேவையில்லை. அதை உண்டாக்கும் ஒட்டுண்ணி மீன் இல்லாமல் பிழைக்காது. மீன்களை வேறு டப்பில் வைத்து முழுசாகக் குணமாக்குங்கள். தொட்டியில் பில்டர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். பாக்டீரியா பட்டினி கிடக்காமல் இருக்க தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். நம் ஊர்ச் சூட்டில், தொட்டியில் ஒட்டுண்ணி கட்டிய கூட்டிலிருந்து சில நாளிலேயே அதன் குஞ்சுகள் வெளிவந்துவிடும். மீன் கிடைக்காவிட்டால் இரண்டு நாள்கூடத் தாங்காது. நான் பத்து நாள் காலியாக விடுகிறேன்.

காரணம் தெரியாமல் கூட்டமாக மீன் செத்த தொட்டிக்குத்தான் பிளீச். அதன் பிறகு நாலைந்து முறை அலசி, மிச்சக் குளோரினை முறிக்க ஹைப்போ எனும் சோடியம் தயோசல்பேட் போட்டு, நெடி அறவே போகும்வரை காயவிட வேண்டும். பாக்டீரியா மறுபடி நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நோய் இல்லாத தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்சு கிடைத்தால் காலம் குறையும். எப்படியானாலும், தினமும் சிட்டிகை தீனி போட்டு வந்தும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டாமல் மீன் விடக்கூடாது.

செல்லூர்த் தம்பியைத் தீனியை நிறுத்தச் சொன்னேன். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றச் சொன்னேன். சாயங்காலம் வண்டியில் வந்தார். என் தொட்டி ஸ்பாஞ்சை ஈரம் காயாதபடி தொட்டித் தண்ணீரோடே கவரில் கட்டிக் கொடுத்தேன். ஏழில் நாலு மீன் பிழைத்தது.

கையில் காயத்தோடு இறங்குவது

மீன் காசநோய்க் கிருமி, காயத்தின் வழியாக மனிதத் தோலிலும் ஏறும். மாதக்கணக்கில் ஆறாத கட்டிகள் வரும். கையுறை போடுங்கள். அப்படி ஏதாவது வந்தால், மீன் வளர்ப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வலையை மறப்பது

வலை, வாளி, தண்ணீர் உறிஞ்சும் குழாய். தொட்டிக்கு என்ன செய்தீர்களோ, இவற்றுக்கும் அதே.