600 எம்எம் எல்லாக் காட்டுக்கும் ஆகாது: லென்ஸ் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அடுத்த மாசம் முதுமலை போறோம், 600 எம்எம் போதுமா, இல்லை கூடவே ஒரு டெலிகன்வர்ட்டரும் வாங்கிடலாமா?" (எம்எம் என்பது லென்ஸ் எவ்வளவு தூரத்தை இழுத்துக் காட்டும் என்பதற்கான எண், டெலிகன்வர்ட்டர் அதை இன்னும் கூட்ட லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டுவது.) இப்படிக் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது மூன்றே விஷயம்தான். எத்தனை மணி சஃபாரி, எந்த வண்டி, விலங்கு எவ்வளவு தூரத்தில் நிற்கும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு லென்ஸ் வாங்கிவிட்டு, ஊருக்குத் திரும்பி கம்ப்யூட்டரில் படங்களைத் திறந்ததும் முகம் வாடிப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். லென்ஸில் குறை இருக்காது. அது போன இடம்தான் அதற்கு ஒத்துவராத இடம்.

முதல் தவறு, எம்எம் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது. தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்பது சரிதான், ஆனால் நம் காடுகளில் முதலில் பிரச்சினையாவது தூரமில்லை, வெளிச்சம். முதுமலையில் காலைச் சஃபாரி கிளம்பும் நேரத்தில் ஆகாயம் வெளுத்திருக்கும், சாலைகூடத் தெளிவாகத் தெரியும், ஆனால் மூங்கில் புதருக்குள் நிற்கும் கடமானின் மேல் வெளிச்சம் இறங்கியிருக்காது. எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் கூடுதல் வெளிச்சம் வாங்கும். ஐஎஸ்ஓ என்பது கேமராவின் உணர்திறன், அது கூடக் கூடப் படத்தில் நாய்ஸ் என்கிற புள்ளிகளும் கூடும். அந்த இடத்தில் எஃப்/2.8 லென்ஸ் வைத்திருப்பவருக்கு ஐஎஸ்ஓ 1600 போதும் என்று வைத்துக்கொள்வோம். அதே ஷட்டர் ஸ்பீடுக்கு எஃப்/5.6 லென்ஸில் 6400 வேண்டும். நம்மில் பெரும்பாலானோர் வாங்கக்கூடிய 150-600, 200-600 ரக ஜூம்கள் கடைசி முனையில் எஃப்/6.3 தான், அதில் 8000. அதன்மேல் 1.4 கன்வர்ட்டரைப் போட்டால் எஃப்/9 ஆகிவிடும், ஐஎஸ்ஓ 16000. இரண்டு மடங்கு கன்வர்ட்டர் போட்டால் எஃப்/13, ஐஎஸ்ஓ 32000. மானின் உடம்பில் முடி இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் மட்டும்தான் மிஞ்சும்.

கன்வர்ட்டரை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெயில் நன்றாக அடிக்கும் திறந்த வெளியில், ஜூம் ஆகாத, ஒரே எம்எம் உள்ள நல்ல பிரைம் லென்ஸோடு அது அருமையாக வேலை செய்யும். விலை குறைந்த ஜூம் லென்ஸின் பின்னால், மரநிழலில், விடியற்காலையில் போடுவதுதான் வீண். இன்னொன்று, வாங்குவதற்கு முன் நம் லென்ஸோடு அது எப்படிப் பொருந்துகிறது என்று பார்த்துவிட வேண்டும். கேனான் ஆர்எஃப் 100-500 லென்ஸில் கன்வர்ட்டர் மாட்டினால் 300 எம்எம்முக்குக் கீழே ஜூமைச் சுருக்கவே முடியாது. விலங்கு பக்கத்தில் வந்துவிட்டால் கன்வர்ட்டரைக் கழற்றித்தான் ஆக வேண்டும், கழற்றி முடிப்பதற்குள் அது போயிருக்கும்.

பக்கத்தில் வருவது என்றதும் வால்பாறை ஞாபகம் வருகிறது. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப்போய், புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திகளுக்காகக் காத்திருந்தேன். என்னிடம் இருந்தது 150-600 மட்டும், அதுவும் கிராப் சென்சார் பாடியில், அதாவது சின்ன சென்சார் உள்ள கேமராவில். சாலைக்கு மேலே அந்தக் குரங்குகளுக்காகவே கட்டிவிட்டிருக்கும் தொங்குபாலத்தில் ஒவ்வொன்றாக வந்தன, அப்புறம் கீழே இறங்கிச் சாலையோரத் திட்டில் உட்கார்ந்துவிட்டன. ஒரு தாய், வயிற்றோடு ஒட்டிய குட்டியோடு, என்னிலிருந்து இரண்டரை மீட்டர் இருக்கும். முகத்தைச் சுற்றிய வெள்ளிப் பிடரி காற்றில் அசைகிறது, குட்டியின் கை தாயின் தோலைப் பற்றியிருக்கிறது, பின்னால் தேயிலைச் சரிவில் மூடுபனி ஏறி வருகிறது. லென்ஸ் ஃபோகஸே ஆகவில்லை. பல 150-600 லென்ஸ்களுக்கு இரண்டேகால் முதல் மூன்று மீட்டர் வரையாவது இடைவெளி வேண்டும், அதற்குள் வந்தால் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். நான் நாலு அடி பின்னால் நகர்ந்து எடுத்ததில் கிடைத்தது தாயின் முகமும் தோளும்தான். குட்டி இல்லை, தேயிலை இல்லை, மூடுபனி இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் போனில் எடுத்த படம் என் படத்தைவிட எல்லா விதத்திலும் நன்றாக இருந்தது. அன்றிலிருந்து, எங்கே போனாலும் ஒரு சின்ன ஜூம், 24-105 அல்லது அதுபோல ஒன்று, பையில் இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

அதனால் இடத்தைப் பார்த்து லென்ஸ் எடுப்பதுதான் சரி. வேடந்தாங்கலில் நாம் கரையில்தான் நிற்க முடியும், பறவைகள் ஏரிக்குள் மரங்களில் இருக்கும், அங்கே 500, 600 எவ்வளவு இருந்தாலும் தகும், வெளிச்சமும் தாராளம் என்பதால் எஃப்/6.3 ஒரு குறையே இல்லை. இரவிகுளத்தில் வரையாடு பாதையோரத்திலேயே மேயும், 70-200 போதும், அந்த மலையையும் சேர்த்து எடுக்க அகன்ற லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது (பிப்ரவரி, மார்ச்சில் குட்டி ஈனும் காலம் என்று பெரும்பாலும் பூங்காவை மூடிவிடுவார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள்). முதுமலை, பந்திப்பூர், கபினி மாதிரிக் காட்டில் யானையும் காட்டுமாடும் சாலைக்கு மிகப் பக்கத்திலும் நிற்கும், செந்நாய் தூரத்திலும் ஓடும், ஆகவே 100-400, 100-500 மாதிரி குறைந்த எம்எம்மில் தொடங்கும் ஜூம்தான் எனக்குப் பிடித்தது. முதலாவது லென்ஸ் எது வாங்கலாம் என்று யார் கேட்டாலும் இதையே சொல்வேன், 600 அடுத்ததாக வரட்டும். கர்நாடகப் பக்கச் சஃபாரிகளில் லென்ஸின் எம்எம் கணக்கைப் பார்த்துக் கேமராக் கட்டணம் வாங்கும் வழக்கமும் உண்டு, முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிட்டால் வாசலில் திகைக்க வேண்டாம்.

கோடியக்கரை வேறு கதை. வெளிமான்கள் திறந்த புல்வெளியில் நிற்கும், எட்டும் தூரம்தான், வெளிச்சமும் கொட்டும். ஆனாலும் காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் எடுத்த படம் எதுவும் ஷார்ப்பாக வராது. சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று நடுவில் நெளிகிறது, தார்ச்சாலையில் கானல் தெரிகிறதே அதேதான். லென்ஸ் சரியில்லை என்று சர்வீஸுக்குக் கொடுத்தவர்கள் உண்டு. எத்தனை லட்ச ரூபாய் லென்ஸாலும் அந்த நெளிவைத் தாண்ட முடியாது, நீளமான லென்ஸ் அதை இன்னும் பெரிதாக்கித்தான் காட்டும். சீக்கிரம் போக வேண்டும், இல்லையென்றால் மான் நெருங்கி வரும் வரை காத்திருக்க வேண்டும்.

பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் பாடி வாங்கினால்தான் காட்டுப் படம் வரும் என்று நினைத்துப் பணத்தை எல்லாம் பாடியில் கொட்டிவிட்டு மிச்சத்தில் லென்ஸ் தேடுவது இன்னொரு தவறு. லென்ஸ் பத்து வருஷம் உழைக்கும், பாடியை இடையில் மாற்றிக்கொள்ளலாம். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் எட்டாத பறவையை, கிராப் சென்சார் அளவுக்கு வெட்டி எடுத்தால் பத்தரை மெகாபிக்சல்தான் மிச்சம். அதே 24 மெகாபிக்சல் கிராப் பாடியில் அந்தப் பறவையின் மேல் முழு 24ம் விழும். ஆனால் கிராப் பாடியில் 400 எம்எம் நிஜமாகவே 600 ஆகிவிடுகிறது என்று நம்பவும் வேண்டாம். லென்ஸ் மாறுவதில்லை, பார்க்கும் கோணம்தான் குறுகுகிறது, இருட்டில் நாய்ஸ் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். இரண்டையும் தெரிந்துகொண்டு வாங்கினால் கிராப் பாடி ஏழைக்கேற்ற எள்ளுருண்டை எல்லாம் இல்லை, பறவைக்கு நல்ல பாடி.

சஃபாரிக்கு ட்ரைபாட் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். வனத்துறை வேனில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும்போது மூன்று காலை எங்கே விரிப்பது? அங்கே உதவுவது பீன் பேக். காலிப் பையாகக் கொண்டு போய், மசினகுடிக் கடையில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பி, ஜன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்தினால் தொட்டிலில் கிடக்கும் பிள்ளை மாதிரி அசையாமல் கிடக்கும். வண்டி இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் உதவாது, அந்த அதிர்வு பைக்குள் இறங்கி லென்ஸுக்கு வந்துவிடும், லென்ஸில் நடுக்கத்தைக் குறைக்கும் ஐஎஸ் இருந்தாலும் முழுக்க அடங்காது. "அண்ணா, ஒரு நிமிஷம் இன்ஜினை ஆஃப் பண்ண முடியுமா?" என்று மெதுவாகக் கேட்டால் பெரும்பாலான டிரைவர்கள் அணைத்துவிடுவார்கள். யானை மிக அருகில் நின்றால் அணைக்கமாட்டார்கள், அப்போது வற்புறுத்தவும் கூடாது, அவருக்குத் தெரியும். அந்த மாதிரி நேரத்தில் பையை விட்டுவிட்டு, முழங்கையை ஜன்னலில் ஊன்றாமல், உடம்போடு ஒட்டிக் கையில் பிடித்து எடுப்பதுதான் வழி.

கையில் பிடிப்பது என்றால் எடை. இந்த 200-600, 150-600 ரகமெல்லாம் இரண்டு கிலோ அளவில் இருக்கும், பாடியோடு சேர்ந்தால் இரண்டே முக்கால். கடையில் ஐந்து நிமிஷம் தூக்கிப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. மூன்று மணி நேரம் நடந்து இருவாச்சிக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும்போது தோள்பட்டை சொல்லும். அதிகம் நடப்பவர்களுக்கு, வயதானவர்களுக்கு, கேனான் ஆர்எஃப் 100-400 மாதிரி முக்கால் கிலோகூட இல்லாத லென்ஸ் நிஜமாகவே நல்ல தேர்வு. அது எஃப்/8 வரை போகும், இருட்டில் திணறும், ஆனால் அறையில் வைத்துவிட்டுப் போன பெரிய லென்ஸைவிடக் கையில் இருக்கும் சின்ன லென்ஸ்தான் படம் எடுக்கும்.

விமானத்தில் போகிறவர்கள் கடைசி நிமிஷத்தில் மாட்டுவது இங்கேதான். உள்நாட்டு விமானங்களில் கைப்பை பெரும்பாலும் 7 கிலோ. லென்ஸும் இரண்டு பாடியும் லேப்டாப்பும் சேர்ந்தால் அதைத் தொட்டுவிடும். சார்ஜர், பீன் பேக், மோனோபாட் எல்லாம் பெரிய பெட்டிக்குள் போகட்டும், கண்ணாடி உள்ளதெல்லாம் கையோடு வரட்டும். கூடுதல் லித்தியம் பேட்டரிகளைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது, கைப்பையில்தான், முனைகளை மூடி வைத்து. இதைத் தெரியாமல் போட்டுவிட்டுச் சோதனையில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, பதற்றத்தில் ஓடியவர்கள் உண்டு.

பழைய லென்ஸ் வாங்குவதில் தவறே இல்லை, பார்க்காமல் வாங்குவதில்தான். எங்கள் கடலோர ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை வருவது சாதாரணம். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, அபர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையை, முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்னாலிருந்து பாருங்கள். சிலந்தி வலைபோல மெல்லிய நூல் கிளைகள் தெரிந்தால் அதுதான் பூஞ்சை. கொஞ்சம் தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. நான் ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு கடையில் விற்பவர் பேச்சை நம்பி வாங்கினேன், சுத்தம் செய்யக் கொடுத்த பணத்தில் ஒரு வால்பாறைப் பயணம் போயிருக்கலாம். வாங்கியபின் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டோ, ட்ரை கேபினெட்டில் ஈரப்பதம் 40, 50 சதவீதத்திலோ வையுங்கள். துணிப்பையில் சுற்றி பீரோவில் வைப்பது பூஞ்சையை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான்.

ஏசி அறையிலிருந்து கேமராவை எடுத்து நேராகப் புழுக்கமான வெளியில் நீட்டினால் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும், துடைத்தாலும் மறுபடி வரும். கிளம்புவதற்கு அரை மணி முன்னாலேயே மூடிய பையோடு வராந்தாவில் வைத்துவிட வேண்டும். கோடையில் மண்சாலையில் வண்டி ஓடும்போது லென்ஸ் மாற்றவே கூடாது, செம்மண் தூசி சென்சாரில் உட்கார்ந்து அந்தப் பயணத்தின் எல்லாப் படத்திலும் வானத்தில் கறுப்புப் பொட்டு வைக்கும். பழைய இரண்டாவது பாடி ஒன்று இருந்தால் அதில் சின்ன ஜூமை மாட்டி வைத்துவிடலாம். லென்ஸைக் காப்பாற்ற என்று முன்னால் ஐந்நூறு ரூபாய் யூவி ஃபில்டர் மாட்டுவதையும் விட்டுவிடுங்கள், நீள லென்ஸில் அது படத்தை மழுங்கடிக்கும். லென்ஸ் முனையில் மாட்டும் ஹூட் என்கிற குழல் போதும்.

ஃபிளாஷை வீட்டில் வைத்துவிடுங்கள், பறவைக் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு வரவழைக்கும் ஆப்பையும் சேர்த்து. லென்ஸ் எட்டவில்லை என்று கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்து போகும், வெயிலில் குஞ்சு வாடும், அந்தப் படம் எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பயணத்துக்கு முந்தின நாள் வாடகைக்கு எடுத்த லென்ஸோடு நேராகக் காட்டுக்குப் போகாதீர்கள். வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுப்பது நல்ல பழக்கம்தான், சென்னையிலும் பெங்களூருவிலும் கிடைக்கிறது, ஆனால் இரண்டு நாள் முன்னாலேயே எடுத்து மொட்டை மாடிக்குப் போங்கள். காக்கை பறப்பதை நொடியில் 2000ல் ஒரு பங்கு ஷட்டரில் எடுங்கள், உட்கார்ந்திருக்கும் மைனாவை 250ல் ஒரு பங்கில் எடுத்துக் கை எவ்வளவு நடுங்குகிறது என்று பாருங்கள். லென்ஸின் பக்கவாட்டில் ஃபோகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், முந்தி வாடகைக்கு எடுத்தவர் அதைப் பத்து மீட்டரில் தள்ளிவிட்டு அப்படியே கொடுத்திருப்பார். அதை "ஃபுல்" என்று மாற்றிவிட்டுப் பையில் வையுங்கள்.