ப்டெரின் குறைபாடுகள்: இரத்த அளவை மட்டும் பார்ப்பதால் நேரும் தவறுகள்

பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த இரத்தப் பொட்டில் ஃபீனைல்அலனின் என்னும் அமினோ அமிலம் கூடியிருந்தால், அதை ஃபீனைல்கீட்டோனூரியா என்னும் பிறவி நோய் என்று முடிவு கட்டி, உணவுக் கட்டுப்பாட்டோடு நின்றுவிடுவது இத்துறையின் மிகப் பழைய தவறு. பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த முடிவு பொருந்தும். ஃபீனைல்அலனினை டைரோசினாக மாற்றும் கல்லீரல் நொதி அவர்களிடம் பழுதுபட்டிருக்கும். நூற்றில் ஓரிருவரிடமோ நொதி நன்றாகவே இருக்கும். அது இயங்கத் தேவையான டெட்ராஹைட்ரோபயோப்டெரின் என்னும் துணைக்காரணி (ப்டெரின் என்ற வளைய அமைப்பு கொண்ட சேர்மங்களுள் ஒன்று) உருவாவதில்லை, அல்லது பயன்பட்டபின் மீண்டும் புதுப்பிக்கப்படுவதில்லை. உணவுக் கட்டுப்பாட்டால் இரத்த அளவு சீரான பிறகும் சில குழந்தைகள் தொடர்ந்து நலிந்து வந்ததைக் கண்ட பிறகே, 1970-களின் நடுவில் மருத்துவர்கள் இந்த வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்தனர்.

அக்குழந்தைகள் நலிந்ததற்குக் காரணம் மூளையில் இருந்தது. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் பொருள்களுள் டோபமின் உருவாக வழிசெய்யும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ், செரோடோனின் உருவாக வழிசெய்யும் டிரிப்டோஃபான் ஹைட்ராக்சிலேஸ் ஆகிய இரண்டு நொதிகளும் இதே துணைக்காரணியை நம்பியே இயங்குகின்றன. வாய்வழி கொடுக்கும் டெட்ராஹைட்ரோபயோப்டெரின் மூளைக்குள் போதிய அளவு நுழைவதில்லை என்பதால், இரத்தத்தில் ஃபீனைல்அலனின் இறங்கிவிட்டதைக் கண்டு நிம்மதி அடைவது ஏமாற்றமாகவே முடியும். கடுமையான வகைகளில் மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபாவும் (கார்பிடோபாவுடன் சேர்த்து), செரோடோனினாக மாறும் 5-ஹைட்ராக்சிடிரிப்டோஃபானும் தனியே தேவைப்படுகின்றன. துணைக்காரணியை உடல் தொகுக்கும் பாதையின் இரண்டாம் நொதியான பிடிபிஎஸ் குறைபாட்டில் இம்மருந்துகளை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோம் என்பதே வளர்ச்சியைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

ஆய்வக முடிவைப் படிப்பதிலும் ஒரு பொறி உண்டு. பிடிபிஎஸ் குறைபாட்டில், அப்பாதையில் பிறக்கும் ப்டெரின்களுள் நியோப்டெரின் சிறுநீரில் கூடிப் பயோப்டெரின் குறையும். அதற்கு முந்தைய ஜிடிபி சைக்ளோஹைட்ரோலேஸ் நொதி குறைந்தால் இரண்டுமே குறையும். ஆனால் துணைக்காரணியைப் புதுப்பிக்கும் டிஎச்பிஆர் நொதி குறைந்த குழந்தையிடம் ப்டெரின் அளவுகள் இயல்பாகத் தோன்றக்கூடும். ஆகவே சிறுநீர் ஆய்வை மட்டும் செய்துவிட்டு ‘ப்டெரின் கோளாறு இல்லை’ என்று எழுதுவது தவறு; உலர்ந்த இரத்தப் பொட்டில் டிஎச்பிஆர் செயல்பாட்டையும் அளக்க வேண்டும். அந்த நொதி சிவப்பணுக்களில் அளக்கப்படுவதால், குழந்தைக்கு அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தால் முடிவை நம்ப முடியாது. சிறுநீர் மாதிரியை வெளிச்சத்தில் வைத்தாலும் ப்டெரின்கள் சிதைந்துவிடும். ஆய்வு முடிவு கருவியால் மட்டுமல்ல, வெளிச்சம்படும்படி மேசைமேல் கிடந்த குப்பியாலும் கெட்டுப்போகும்.

டெட்ராஹைட்ரோபயோப்டெரினைக் கொடுத்துப் பார்க்கும் சோதனையையும் தவறாக வாசிக்கிறார்கள். ஃபீனைல்அலனின் குறைந்தால் துணைக்காரணிக் குறைபாடு உறுதி என்று கொள்ள முடியாது. நொதியே பழுதுபட்ட ஃபீனைல்கீட்டோனூரியாவிலும் ஒரு பகுதியினருக்கு அது குறையும். அந்தத் துணைக்காரணி பழுதான நொதியின் மடிப்பைத் தாங்கி நிலைப்படுத்துகிறது. 2007-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சாப்ரோப்டெரின் மருந்து இந்த இயல்பின் அடிப்படையிலேயே பயன்படுகிறது.

பிறந்தவுடன் செய்த பரிசோதனை இயல்பாக வந்தது என்பதால் இக்கோளாறுகளையெல்லாம் ஒதுக்கிவிடுவது, முதல் தவற்றுக்கு நேரெதிரான தவறு. ஜிடிபி சைக்ளோஹைட்ரோலேஸ் ஓரளவு குறைந்து தசை முறுக்கம் வரும் செகாவா நோயிலும், தொகுப்புப் பாதையின் கடைசி நொதியான செபியாப்டெரின் ரிடக்டேஸ் குறைபாட்டிலும் ஃபீனைல்அலனின் கூடுவதில்லை. காலையில் ஓரளவு நன்றாக நடந்து, மாலையாகும்போது கால் முறுக்கிக்கொள்ளும் குழந்தைக்குப் பெருமூளை வாதம் என்று பெயரிட்டு ஆண்டுக்கணக்கில் இயன்முறை மருத்துவம் மட்டும் அளிக்கப்பட்ட நேர்வுகள் மருத்துவ இலக்கியத்தில் ஏராளம். செகாவா நோயில் சிறிய அளவு லெவோடோபாவே பெரும் மாற்றத்தைத் தரும்; எனவே காரணம் தெரியாத தசை முறுக்கத்தில் அதைக் கொடுத்துப் பார்க்காமல் விடுவது, என் பார்வையில், மன்னிக்க முடியாத தயக்கம்.

ஃபோலிக் அமிலத்திலும் ப்டெரின் வளையம் இருப்பதால் அதைக் கொடுத்தால் குறை நீங்கும் என்று கருதுவோர் உண்டு. டெட்ராஹைட்ரோபயோப்டெரின் வைட்டமினிலிருந்து வருவதன்று. உடலே அதைத் தன் செல்களில் உள்ள ஜிடிபி என்னும் வேதிப்பொருளிலிருந்து தொகுக்கிறது. டிஎச்பிஆர் குறைபாட்டில் மூளையில் ஃபோலேட் குறைவதுண்டு என்றாலும், அங்கே தேவைப்படுவது ஃபோலேட்டின் வேறொரு வடிவமான ஃபோலினிக் அமிலம். ஃபோலிக் அமிலத்தைத் தவிர்க்க வேண்டும். ஃபோலேட் பாதையைத் தடுக்கும் மெத்தோட்ரெக்சேட், கோட்ரைமாக்சசோல் ஆகியவையும், டோபமினைத் தடுக்கும் மெட்டோக்ளோப்ரமைடு போன்ற வாந்தி மருந்துகளும் இந்நோயாளிகளுக்கு ஆகாதவை. காய்ச்சலுக்கோ வாந்திக்கோ பக்கத்து மருந்துக்கடையில் வாங்கும் முன் பெற்றோர் நோயின் பெயரைச் சொல்லிக் கேட்பது அவசியம்.

மாலிப்டினம் உலோகத்தைத் தாங்கும் வேறொரு ப்டெரின் துணைக்காரணி உருவாகாத மாலிப்டினம் துணைக்காரணிக் குறைபாடும் ப்டெரின் குடும்பத்தைச் சேர்ந்ததே, ஆயினும் இதற்கும் ஃபீனைல்அலனினுக்கும் தொடர்பில்லை. பிறந்த சில நாட்களில் வலிப்பு வருவதால், பிரசவத்தில் மூச்சுத்திணறியதே காரணம் என்று எளிதில் தவறாகக் கருதப்படுகிறது. இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகக் குறைந்திருப்பதும், உடனடியாக எடுத்த சிறுநீரில் சல்ஃபைட் தெரிவதும் இதன் அடையாளங்கள்; வைத்திருந்த சிறுநீரில் சல்ஃபைட் ஆக்சிஜனேற்றமடைந்து மறைந்துவிடும். இதன் ஏ வகைக்கு மட்டும் ஃபோஸ்டெனோப்டெரின் என்னும் மருந்து 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூளைச் சேதம் விரைந்து நிலைத்துவிடுவதால், ஏ வகை என்ற ஐயம் எழுந்தாலே மரபணு முடிவுக்குக் காத்திராமல் அதைத் தொடங்கி, வேறு வகை என்று உறுதியானால் நிறுத்த வேண்டும்.