புதிதாக ஊக்குநர் ஆனவருக்கு: தைரியம் வரவழைப்பதும் தன்னைக் கவனிப்பதும்

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவில் என்னை ஊக்குநராக, அதாவது கூட்டத்தையும் கணக்கையும் நடத்துகிறவராக, தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம்தான். பதினைந்து பேரில் பத்தாவது வரை படித்தவள் நான் மட்டும். "நீ எழுதிடுவே, நீயே இரு" என்றார்கள். பல குழுக்களில் இப்படித்தான் நடக்கிறது. எழுதத் தெரிந்தவர் கையில் நோட்டைக் கொடுக்கிறார்கள், நோட்டோடு பொறுப்பும் வந்து சேர்ந்துவிடுகிறது. பயிற்சியில் ரொக்கப் புத்தகமும் பேரேடும் எழுதச் சொல்லித் தந்தார்கள். பதினைந்து குடும்பத்துப் பணத்துக்கும் கோபத்துக்கும் நடுவில் உட்கார்ந்து பேசும்போது வருகிற நடுக்கத்தை என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆறு வருடம் அந்தப் பொறுப்பில் இருந்து நானாகக் கற்றுக்கொண்டதை, இப்போது புதிதாக வந்திருக்கிற உங்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வேலை, பயத்தைப் பிரித்துப் பார்ப்பது. "எனக்குப் பயமா இருக்கு" என்று மொத்தமாகச் சொன்னால் அதை ஒன்றும் செய்ய முடியாது. ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில், எதற்குப் பயம் என்று தனித்தனியாக எழுதுங்கள். நான் எழுதியபோது மூன்று வந்தது. கணக்கில் யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால் திணறுவேனோ என்பது ஒன்று. வங்கியில் அதிகாரி முன்னால் பேச்சு வராதே என்பது இரண்டாவது. மூன்றாவது, எங்கள் குழுவில் என் மாமியார் வயதில் இருந்த ஒரு பெரியம்மா. அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்கு வாய் கட்டிவிடும். மூன்றும் மூன்று விதமான பயம், ஒரே மருந்து எதற்கும் சரிவராது.

கணக்குப் பயத்துக்கு மருந்து முந்தின இரவே கணக்குப் பார்ப்பதுதான். கூட்டம் செவ்வாய் என்றால் திங்கள் இரவு சாப்பாடு முடிந்ததும் கையிருப்பை எண்ணி, ரொக்கப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். அப்புறம் வட்டிக் கணக்கை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். எங்கள் குழுவில் அப்போது உள்கடனுக்கு (குழுப் பணத்திலிருந்து உறுப்பினருக்கே கொடுக்கிற கடன்) இரண்டு பைசா வட்டி, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய். ஒருவர் 10,000 ரூபாய் வாங்கி மாதம் 1,000 அசல் கட்டினால், முதல் மாத வட்டி 200, அடுத்த மாதம் 9,000-க்கு 180, அதற்கடுத்து 160. பத்து மாதத்தில் மொத்த வட்டி 1,100. எங்கள் குழுவில் பாதிப் பேர் இதை 2,000 என்று நினைத்துக்கொண்டு கடன் வாங்கவே தயங்கிக்கொண்டிருந்தார்கள். நான் முதலில் இதை ஏழாவது படித்த என் மகளுக்குச் சொல்லிப் பார்த்தேன். அவள் இரண்டு இடத்தில் "புரியல" என்றாள். அந்த இரண்டு இடத்தையும் வேறு விதமாகச் சொல்லப் பழகிய பிறகுதான் கூட்டத்தில் சொன்னேன். அன்றைக்கு என் குரல் நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

வங்கிக்குப் போகும்போது ஒரே ஒரு தாள் கையில் இருக்கட்டும். வங்கிக் கடனுக்காகக் குழுவைத் தரம் பார்க்க வருகிறவர்கள் முக்கியமாக ஐந்து விஷயங்களைப் பார்ப்பார்கள்: கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, சேமிப்பு தவறாமல் சேர்கிறதா, உள்கடன் கொடுத்து வாங்குகிறீர்களா, கடன் தவணைப்படி திரும்பி வருகிறதா, கணக்கு அன்றன்றைக்கு எழுதப்படுகிறதா. இந்த ஐந்துக்கும் உங்கள் குழுவின் எண்களை அந்தத் தாளில் எழுதிவிடுங்கள். முதல் முறை ஒரு வங்கிக்குப் போனபோது "திரும்பி வந்த கடன் எத்தனை சதவீதம்?" என்று கேட்டார்கள். நான் பையைத் துழாவிக்கொண்டு நின்றேன். அடுத்த முறை தாளைப் பார்த்து, "வணக்கம் சார், நாங்க பதினைஞ்சு பேர், குழு ஆரம்பிச்சு ரெண்டு வருஷம், சேமிப்பு இவ்வளவு" என்று நானே தொடங்கினேன். தொடங்கும் வரைதான் பயம். அந்த முதல் வாக்கியத்தை மட்டும் பஸ்ஸில் போகும்போதே நாலு தடவை சொல்லிப் பாருங்கள். நாற்காலி காலியாக இருந்தால் உட்காருங்கள். ஒவ்வொரு முறையும் ஓர் உறுப்பினரைக் கூட அழைத்துப் போங்கள், உங்களுக்கும் துணை, அவருக்கும் வங்கி பழகும்.

அந்தப் பெரியம்மா விஷயம் எனக்கு அவ்வளவு சீக்கிரம் தீரவில்லை. அதற்கு என்னையே நான் பார்க்க வேண்டியிருந்தது.

கூட்டத்தில் தன்னைக் கவனிப்பது எப்படி

மூன்றாவது மாதம், எல்லோரிடமும் அனுமதி கேட்டுவிட்டு, கூட்டம் முழுவதையும் என் செல்போனில் பதிவு செய்தேன். "நான் எப்படிப் பேசறேன்னு கேட்கணும், கேட்டுட்டு அழிச்சிடறேன்" என்று காரணத்தையும் சொன்னேன். இரவு வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு காதில் வைத்துக் கேட்டேன். நாற்பது நிமிடக் கூட்டத்தில் பெரும்பகுதி என் குரல்தான். ஓர் அக்கா மூன்று முறை பேச ஆரம்பிக்கிறார், மூன்று முறையும் நான் "அது அப்புறம் பார்க்கலாம்கா" என்று வெட்டிவிடுகிறேன். என் சின்ன மாமியார் மகள் அதே மாதிரி இழுத்துப் பேசும்போது பொறுமையாக "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். பேசும்போது இது எதுவுமே எனக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்டிருந்தால் எல்லோரையும் சமமாகத்தான் நடத்துகிறேன் என்று சத்தியம் செய்திருப்பேன்.

பதிவு செய்வதைச் சிலர் விரும்ப மாட்டார்கள், வற்புறுத்தக் கூடாது. அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி புளியங்கொட்டை. ஒரு கிண்ணம் கொட்டையைப் பிரதிநிதி, அதாவது ஊக்குநரோடு பொறுப்பில் இருக்கிற இன்னொரு உறுப்பினர், வைத்துக்கொள்வார். யார் பேசினாலும் அவர் முன்னால் ஒரு கொட்டை வைப்பார். கூட்டம் முடியும்போது பாயைப் பார்த்தாலே போதும். முதல் நாள் என் முன்னால் ஒரு குவியல், ஐந்து பேர் முன்னால் ஒன்றுமே இல்லை. அந்த ஐந்து பேரில் அந்தப் பெரியம்மாவும் ஒருவர். அவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவரை யாரும் பேசச் சொல்லிக் கேட்டதே இல்லை என்பது அந்தப் பாயைப் பார்த்துத்தான் புரிந்தது. அடுத்த வாரம் "பெரியம்மா, நீங்க சொல்லுங்க, இந்தக் கடனைக் கொடுக்கலாமா?" என்று கேட்டேன். அவர் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் இந்தக் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்தே ஏதாவது ஒரு குழுவில் இருந்தவர், கைநாட்டு வைத்துக்கொண்டிருந்து குழுவில்தான் கையெழுத்துப் போடக் கற்றவர். எந்த வீட்டில் மாடு வாங்கினால் தீவனம் கிடைக்கும், எந்த வீட்டில் கிடைக்காது என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கப்புறம் பெரிய கடன் எதையும் அவரைக் கேட்காமல் நாங்கள் முடிவு செய்ததில்லை.

தீர்மானப் புத்தகமும் ஒரு கண்ணாடிதான். ஆறு மாதத்துப் பக்கங்களை ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். யாருக்குக் கேட்டவுடன் கடன் கிடைத்திருக்கிறது, யாருடையது "அடுத்த கூட்டத்தில் பேசலாம்" என்று தள்ளிப் போயிருக்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். நான் குறித்தபோது, என் தெருவில் இருந்த மூன்று வீடுகளுக்குத்தான் தாமதமே இல்லை. எழுதியது என் கையெழுத்து. அதைப் பார்த்தபோது வந்த வெட்கத்தை இன்றும் மறக்கவில்லை, ஆனால் அதற்கப்புறம்தான் விண்ணப்பம் வந்த தேதி வரிசைப்படி கடன் என்று தீர்மானம் போட்டோம்.

மற்றவர்களிடம் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "நான் எப்படி நடத்தறேன்?" என்று கேட்டால் "உனக்கென்ன, நல்லாத்தானே பண்றே" என்பார்கள். அது முகத்துக்காகச் சொல்வது. உங்களைப் பிடித்தவர் ஒருவர், அவ்வளவாகப் பிடிக்காதவர் ஒருவர் என்று இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வீட்டில் தனியாகப் பார்த்து, "போன கூட்டத்துல நான் பேசினதுல உங்களுக்கு எது கஷ்டமா இருந்துச்சு?" என்று குறிப்பாகக் கேளுங்கள். பதில் வரும்போது விளக்கம் சொல்லாதீர்கள். விளக்கம் நாக்கு நுனி வரை வரும், விழுங்கிவிடுங்கள். "சரிக்கா" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து அவரிடமே போய் "நீங்க சொன்னதை இப்படி மாத்தியிருக்கேன்" என்று சொல்ல வேண்டும். இதை விட்டுவிட்டால் இரண்டாவது முறை யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

கோபத்துக்கு அடியில் என்ன இருக்கிறது

ஒரு வருடம் தக்காளி விலை அடியோடு விழுந்தது. பறிக்கிற கூலிகூடக் கட்டாது என்று செடியிலேயே விட்டுவிட்டார்கள். எங்கள் குழுவில் ஒரு தங்கை மூன்று தவணை தொடர்ந்து கட்டவில்லை. நான் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், "வாங்கும்போது இனிச்சது, கட்டும்போது கசக்குதா?" என்று கேட்டுவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த இரண்டு கூட்டத்துக்கும் வரவில்லை. தக்காளி விலை எனக்குத் தெரியாததா? எங்கள் வயலிலும் அதே செடிதான் நின்றது.

ஒரு நாள் மாடு பிடித்துக் கட்டும்போது இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தவணை தவறினால் வங்கியில் என்னைத்தானே கேட்பார்கள் என்ற பயம். அந்தப் பயம் கோபத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போய், "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். அடுத்த கூட்டத்தில் அவளே நிலைமையைச் சொன்னாள். மூன்று மாதத்துக்கு வட்டி மட்டும் கட்டட்டும், அப்புறம் அசல் என்று எல்லோரும் சேர்ந்து தீர்மானம் எழுதினோம். அவள் கட்டி முடித்தாள்.

அதிலிருந்து இரண்டு வழக்கம் வைத்துக்கொண்டேன். தவணை தவறியவரைப் பற்றிக் கூட்டத்தில் பேசுவதற்கு முந்தின நாளே அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். கூட்டத்தில் தொண்டை இறுகுகிறது என்று தெரிந்தால், அதுதான் என் உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை, நோட்டைப் பிரதிநிதி கையில் கொடுத்து "நீ வாசிம்மா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பேன். உங்களுக்குத் தொண்டைக்குப் பதில் காது சூடாகலாம், கை நடுங்கலாம். எது என்று கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் பழக வேண்டிய ஒன்று. 2021-இல் கூட்டுறவுச் சங்கங்களில் மகளிர் குழுக்கள் வாங்கிய கடன் தள்ளுபடி என்று அறிவிப்பு வந்ததும், எங்கள் ஊரில் எல்லாக் கடனும் தள்ளுபடி என்றே பேச்சு பரவியது. எங்கள் கடன் வங்கிக் கடன். "இனி ஏன் கட்டணும்?" என்று நாலைந்து பேர் கேட்டார்கள். எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் மனது ஓடியது. ஆனால், "எனக்குத் தெரியல. வெள்ளிக்கிழமை வங்கியில கேட்டுட்டு, அடுத்த செவ்வாய் சொல்றேன். அதுவரைக்கும் வழக்கம்போலக் கட்டுவோம்" என்றேன். வெள்ளிக்கிழமை இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். அந்தத் தள்ளுபடி எங்கள் கடனுக்குப் பொருந்தாது என்றார்கள். செவ்வாய்க்கிழமை அந்த இரண்டு பேரையே சொல்ல வைத்தேன். தெரியாது என்று சொல்வதோடு எந்த நாளில் பதில் சொல்வேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அந்த நாளில் தவறாமல் சொல்லுங்கள். மழுப்பியிருந்தால் அன்றைக்கு என் பேச்சை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

கடைசியாக, மாதத்தில் ஒரு கூட்டத்தை வேறொருவர் நடத்தட்டும். நீங்கள் பாயில் மற்றவர்களோடு உட்காருங்கள், குறுக்கே பேசாதீர்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. எங்கள் பிரதிநிதி, என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், முதல் தடவையே என்னைவிட நன்றாக நடத்தினாள். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. பொறாமைதான், வேறு பெயர் வைக்க முடியாது. அதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். எழுதிய பிறகு, அவள் செய்ததில் எதை நான் எடுத்துக்கொள்ளலாம் என்று பார்க்க முடிந்தது: கூட்டம் தொடங்குமுன் போன வாரம் முடிவு செய்ததில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று வாசித்தாள். நான் ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அதைச் செய்ததில்லை.

இப்போது அவள்தான் ஊக்குநர். செவ்வாய்க்கிழமைகளில் நான் சந்தா கட்டிவிட்டுப் பாயில் உட்காருகிறேன். கிண்ணம் இன்னும் சுற்றி வருகிறது. போன வாரம் என் முன்னால் மூன்று கொட்டை, அந்தத் தக்காளித் தோட்டத்துத் தங்கை முன்னால் ஏழு.