அயர்லாந்துப் பல்கலைக்கழகங்களைப் பற்றி நாம் செய்யும் தவறுகள்

அயர்லாந்தில் மேற்படிப்புக்கு இடம் தேடுகிறவர்கள் முதலில் தடுமாறுவது பெயரில்தான். டப்ளின் என்ற பெயரோடு மட்டும் டப்ளின் பல்கலைக்கழகம், யுனிவர்சிட்டி காலேஜ் டப்ளின், டப்ளின் சிட்டி யுனிவர்சிட்டி, டெக்னலாஜிக்கல் யுனிவர்சிட்டி டப்ளின் என நான்கு இருக்கின்றன. நான்கும் வெவ்வேறு நிறுவனங்கள். டப்ளின் பல்கலைக்கழகம் என்பது 1592இல் முதலாம் எலிசபெத் அரசியின் சாசனத்தால் தொடங்கிய டிரினிட்டி கல்லூரி. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு உள்ளதே அந்த ஒரு கல்லூரிதான் என்பதால் வாசலில் ஒரு பெயரும் பட்டத்தில் இன்னொரு பெயரும் இருக்கும். பெல்ஃபீல்டில் பெரிய வளாகத்தோடு இருப்பது யுனிவர்சிட்டி காலேஜ் டப்ளின், அதாவது யூசிடி. டப்ளின் சிட்டி 1989இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. நான்காவது, மூன்று தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து 2019இல் உருவானது. விண்ணப்பம், கடிதம், வங்கிச் சான்று எதுவானாலும் பெயரை முழுதாக, எழுத்து பிசகாமல் எழுதுங்கள்.

அடுத்தது ‘காலேஜ்’ என்ற சொல். நம் பக்கத்தில் கல்லூரி என்றாலே ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குவது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. அதனால் யுனிவர்சிட்டி காலேஜ் கார்க் என்று கேட்டதும் ‘பல்கலைக்கழகம் இல்லையா?’ என்கிறார்கள். அது முழுப் பல்கலைக்கழகம்தான். 1908ஆம் ஆண்டுச் சட்டம் டப்ளின், கார்க், கால்வே கல்லூரிகளை அயர்லாந்துத் தேசியப் பல்கலைக்கழகம் என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. 1997ஆம் ஆண்டுச் சட்டம் அந்த மூன்றோடு மேனூத் கல்லூரியையும் சேர்த்து நான்கையும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாக்கியது. குடை இன்றும் இருக்கிறது, பட்டங்களில் அதன் பெயரும் வரும். ஆனால் பாடத்தையும் ஆய்வையும் நடத்துவது அந்தந்தப் பல்கலைக்கழகமே.

பெல்ஃபாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தையும் இதே பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அது பிரிட்டனுக்குள் இருக்கும் வட அயர்லாந்தில் உள்ளது. அங்கே கட்டணம் பவுண்டில், விசா பிரிட்டனுடையது. அயர்லாந்துக் குடியரசில் யூரோ, தனி விசா. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரக்கூடிய ஷெங்கன் பகுதியில் அயர்லாந்து இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த விசாவோடு பாரிஸுக்குப் போய்வரலாம் என்று நினைத்து யாரும் பயணச்சீட்டு எடுத்துவிட வேண்டாம்.

சரி, இவை தகவல் பிழைகள், ஒருமுறை சொன்னால் திருந்திவிடும். இந்த நிறுவனங்களின் குணத்தையே தவறாகப் புரிந்துகொள்வதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அயர்லாந்துப் பல்கலைக்கழகம் அமைதியான பழைய கல் கட்டடத்துக்குள் தானாக வளர்ந்த ஒன்று என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ‘யாருக்குப் படிக்க உரிமை, யார் கற்பிப்பது’ என்ற நீண்ட சண்டைக்குள்தான் அது வளர்ந்தது. டிரினிட்டி நெடுங்காலம் புராட்டஸ்டண்டுகளின் கோட்டை. இன்ன மதத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்று கேட்கும் மதச் சோதனைகள் அங்கே முழுவதும் நீங்கியது 1873இல். மத வேறுபாடு பார்க்காத அரசுக் கல்லூரிகள் கார்க்கிலும் கால்வேயிலும் பெல்ஃபாஸ்டிலும் 1849இல் திறந்தபோது அவற்றைக் ‘கடவுளற்ற கல்லூரிகள்’ என்று பழித்தார்கள். அதற்கு எதிராகவே 1854இல் டப்ளினில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று தொடங்கியது. யூசிடியின் வேர் அது. கத்தோலிக்கர்கள் டிரினிட்டிக்குப் போகக் கூடாது என்ற திருச்சபையின் தடை 1970 வரை நீடித்தது! அந்தத் தடை கொள்ளுத்தாத்தா காலத்துக் கதையல்ல, இன்று உயிரோடு இருப்பவர்களின் இளமைக்காலம்.

அந்தச் சண்டையெல்லாம் கடந்து வந்த நாடு 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில் என்ன எழுதியது என்று பாருங்கள். ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்துகளைக் கேள்வி கேட்கவும், பிறருக்குப் பிடிக்காத கருத்தைச் சொல்லவும் ஆசிரியர்களுக்குச் சட்ட எல்லைக்குள் சுதந்திரம் உண்டு, அதற்காக அவர்களை எந்த வகையிலும் தண்டிக்கக் கூடாது என்கிறது அது. அறிவை வளர்ப்பது, மாணவர்களிடம் சுயமாகச் சிந்திக்கும் திறனை வளர்ப்பது, ஐரிஷ் மொழியையும் பண்பாட்டையும் பேணுவது ஆகியவற்றைப் பல்கலைக்கழகத்தின் நோக்கங்களாகவே வைக்கிறது. தரவரிசை எண்ணை மட்டும் பார்த்து ஒரு பல்கலைக்கழகத்தை எடைபோடுகிறவர்களுக்கு இவற்றில் ஒன்றும் கண்ணில் படாது.

ஆய்வு என்றால் ஆய்வுக்கூடமும் கணினியும் மட்டுமே என்று எண்ணுவதும் இதே வகைத் தவறு. யூசிடியில் தேசிய நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பு இருக்கிறது. 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடமும் பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடமும் கதை, வைத்தியம், சகுனம், விளையாட்டு எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதிய நோட்டுப் புத்தகங்கள் அங்கே உள்ளன. மொத்தம் 7 லட்சம் பக்கங்களுக்கு மேல். அந்தத் தொகுப்பு 2017இல் யுனெஸ்கோவின் ‘உலக நினைவகம்’ பதிவேட்டில் இடம்பெற்றது. ஒரு மக்களின் நினைவைக் காப்பாற்றி, படித்துப் பொருள் சொல்வதும் ஆய்வுப் பல்கலைக்கழகத்தின் வேலை. இன்னொரு பக்கம் கார்க்கைப் பாருங்கள். அங்கே முதல் கணிதப் பேராசிரியராக 1849இல் வந்த ஜார்ஜ் பூல் ஒரு செருப்புத் தொழிலாளியின் மகன், பல்கலைக்கழகப் பட்டமே இல்லாதவர். இன்று நம் கைப்பேசிக்குள் ஓடும் ஒவ்வொரு கணக்குக்கும் அடியில் அவருடைய தர்க்கம் இருக்கிறது. அன்று அவர் செய்தது ‘பயனுள்ள’ ஆய்வு என்று யாரும் சான்று கொடுத்திருக்க மாட்டார்கள்.

நல்ல ஆய்வாளர் பாடம் நடத்துவதில் அக்கறை காட்டமாட்டார் என்ற பேச்சும் உண்டு. அணுக்கருவைப் பிளந்ததற்காக 1951இல் நோபல் பரிசை காக்கிராஃப்டுடன் பகிர்ந்துகொண்ட இயற்பியலாளர் எர்னஸ்ட் வால்டன் அந்தச் சோதனையைச் செய்தது கேம்பிரிட்ஜில். 1934இல் டிரினிட்டிக்குத் திரும்பி ஓய்வு பெறும்வரை அங்கேயே கற்பித்தார். தெளிவாகப் பாடம் நடத்துகிறவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. இன்னொரு இயற்பியலாளரான ஷ்ரோடிங்கரை டிரினிட்டிப் பேராசிரியர் என்று எழுதுவதையும் அடிக்கடி பார்க்கிறேன். அவர் பணியாற்றியது 1940இல் அமைந்த டப்ளின் உயர் ஆய்வு நிறுவனத்தில். ‘உயிர் என்றால் என்ன?’ என்ற புகழ்பெற்ற உரைகளை 1943இல் நிகழ்த்திய இடம்தான் டிரினிட்டி.

பணத்தைப் பற்றியும் ஒன்று. கட்டடம் பழையது என்பதால் ஆய்வு நிதியும் அப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். 1998இல் தொடங்கிய ஒரு நிதித் திட்டத்தில் அரசுப் பணத்தோடு, தன் பெயரே வெளியே தெரியாமல் கொடுத்துவந்த அமெரிக்கத் தொழிலதிபர் சக் ஃபீனியின் அறக்கட்டளைப் பணமும் சேர்ந்தபோதுதான் பெரிய அளவில் ஆய்வகங்கள் எழுந்தன. இப்போது அரசின் ஆய்வு நிதியைப் பெருமளவு பகிர்ந்தளிப்பது 2024இல் உருவான ரிசர்ச் அயர்லாந்து அமைப்பு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் கட்டும் அதிகக் கட்டணத்தையும் பல்கலைக்கழகங்கள் பெரிதும் நம்பியிருக்கின்றன. வரவேற்பு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் படிப்பின் உள்ளடக்கத்தை நீங்களே வரி வரியாகப் பாருங்கள்.

குறிப்பாக, ஓராண்டு முதுகலைப் படிப்பை ‘ஆய்வுப் பட்டம்’ என்று எண்ணிச் சேர்ந்துவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை வகுப்பும் கடைசியில் ஒரு சிறு ஆய்வேடும் கொண்டவை. ஆய்வு வழி முதுகலை வேறு. முனைவர் படிப்புக்கு வருகிறவர்கள் இணையப் படிவத்தை நிரப்பிவிட்டுக் காத்திருப்பது அடுத்த தவறு. பல துறைகளில் முதலில் வேண்டியது உங்களை ஏற்க ஒரு நெறியாளர். அவருடைய அண்மைக் கட்டுரைகள் இரண்டையாவது படித்துவிட்டு, எந்தக் கேள்வி உங்களைப் பிடித்துக்கொண்டது என்று அரைப் பக்கத்தில் எழுதுங்கள். ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அப்புறம், நிதி யார் தருகிறார்கள், எத்தனை ஆண்டுக்கு, கட்டணமும் அதில் அடங்குமா என்ற மூன்றையும் கூச்சப்படாமல் அவரிடமே கேளுங்கள். அங்கே அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.