தண்ணீர் ஏறுதா, இறங்குதா? மலையக நீர்த்தேக்கங்களில் தூண்டில் போடுவோர் விடும் தவறுகள்

இலங்கை மலையகத்தின் காசல்ரீ நீர்த்தேக்கத்திலோ மவுசாகலையிலோ போன கிழமை நன்றாகக் கடித்த பாறையிலேயே இந்தக் கிழமையும் குந்தியிருந்துவிட்டு, வெறும் பையோடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். தூண்டிலில் குறை இருக்காது, இரையிலும் இருக்காது. இடையில் தண்ணீர் மூன்றடி இறங்கியிருக்கும், அவ்வளவுதான். இவை மின்சாரத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கங்கள். கரை ஒரே இடத்தில் நிற்காது.

போனதும் தூண்டிலை வீசுவதுதான் முதல் தவறு. தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டு அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள். அதற்குப் பொறுமை இல்லையென்றால் கரையைப் பாருங்கள். விளிம்புக்கு மேலே ஈரமண் பட்டையாகத் தெரிந்தால் தண்ணீர் இறங்குகிறது. பச்சைப் புல் தண்ணீருக்குள் நின்றால் ஏறுகிறது.

ஏறும்போது மீன் கரைக்கு வரும். புதிதாக மூழ்கிய புல்லில் புழுவும் பூச்சியும் மிதக்கும். அவற்றைத் தேடித் திலாப்பியாவும் கார்ப்பும் முழங்கால் ஆழத்துக்கே வந்துவிடும். அந்த நேரத்தில் பலம் உள்ளமட்டும் தூரமாக வீசுவது மீனைத் தாண்டி வீசுவதுதான். தக்கையிலிருந்து முள் வரை ஒன்றரை அடி தங்கூசி (தூண்டில் நூல்) போதும். ஈயம் சிறியதாக இருக்கட்டும், கரையோரம் சத்தமில்லாமல் நடக்கவும் வேண்டும். இறங்கும்போது எல்லாம் தலைகீழ். மேட்டில் சிக்கிக்கொள்ளாமல் மீன் ஆழத்தின் விளிம்புக்கு ஒதுங்கும். கரை சட்டென்று சரியும் இடத்தைத் தேடி, ஆறு முதல் பத்தடி ஆழத்தில் இரையை நிறுத்துங்கள்.

எல்லா நீர்த்தேக்கத்தையும் ஒரே மாதிரி நினைப்பதும் பிழை. காசல்ரீ, மவுசாகலை போன்ற பெரியவை நாள்கணக்கில், கிழமைக்கணக்கில் மாறும். காசல்ரீத் தண்ணீர் விமலசுரேந்திர மின்நிலையம் வழியாக நோர்ட்டனுக்கும், மவுசாகலைத் தண்ணீர் கென்யோனுக்கும் போகிறது. இந்தச் சின்னத் தேக்கங்களிலும், தலவாக்கலையில் உள்ள மேல் கொத்மலையிலும் ஒரே நாளுக்குள்ளேயே மட்டம் ஏறி இறங்கும். அங்கே காலையில் பார்த்த கரையைப் பின்னேரம் நம்பக்கூடாது.

மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் ஆற்றுவாய்களில் செம்மண் கலங்கல் வரும். மழை விட்டதும் கலங்கலின் நடுவில் பாண் துண்டையோ கோதுமை மா உருண்டையையோ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கரையும் இரை அந்த ஓட்டத்தில் நிற்காது, நின்றாலும் மீனுக்குத் தெரியாது. முழங்கை வரை கையைத் தண்ணீரில் விடுங்கள். விரல் தெரியாவிட்டால் இரண்டு மூன்று மண்புழுவை ஒரே முள்ளில் கோத்து, கலங்கலும் தெளிந்த தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் போடுங்கள். கோடு மேட்டிலிருந்து நன்றாகவே தெரியும்.

காற்றுக்கு முதுகு காட்டி உட்காருவது சுகம்தான், மீன் கிடைப்பதற்கு அது உதவாது. தென்மேற்குக் காற்று மிதக்கும் இரையை எதிர்க்கரைக்கு, அதாவது வடகிழக்குப் பக்கத்துக்குத் தள்ளும். மீனும் பின்னாலேயே போகும். காற்றழுத்தம் குறைந்தால் மீன் கடிக்காது என்ற பேச்சை அவ்வளவாகக் கணக்கில் எடுக்க வேண்டாம். காற்றழுத்தத்தில் 10 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) மாற்றம் என்பது மீன் வெறும் 10 சென்ரிமீற்றர் மேலே கீழே நீந்தினால் உணரும் மாற்றம்தான். காற்று, வெளிச்சம், குளிர் மூன்றும்தான் பெரிய விஷயம்.

குளிர் என்றால் நுவரெலியா. கிரகரி வாவி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் 20 பாகைக்குக் கீழே போனால் திலாப்பியா இரை எடுப்பது குறையும், 16, 17 பாகையில் அநேகமாக நின்றுவிடும். கார்ப் அவ்வளவு மோசமில்லை. ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி கிடக்கும் விடியலில் நடுங்கிக்கொண்டு போய் நிற்பதால் பயனில்லை. வெயில் ஏறி, பத்து மணிக்குமேல் போனால் போதும்.

வரட்சியில் மட்டம் மிகவும் இறங்கி, மவுசாகலையில் மூழ்கிய பழைய மஸ்கெலியா ஊரின் கோயில் கட்டடங்கள் வெளியே தெரியும்போது பலர் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். அது வீட்டில் இருக்கும் காலமில்லை. அடிமரம், பழைய பாதை, கற்குவியல் எங்கெங்கே என்று கரையிலுள்ள பெரிய மரத்தையோ தோட்டத்து லயத்தையோ அடையாளம் வைத்துப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். நிரம்பியபின் மீன் ஒதுங்குவதும் அங்கேதான், முள் சிக்குவதும் அங்கேதான். ஆனால் வெடித்து உலர்ந்த மண்ணை நம்பி இறங்க வேண்டாம். ஆற்றுவாய்ப் பக்கத்தில் மேலே ஓடு மாதிரி காய்ந்திருக்கும், அடியில் இடுப்பளவு சேறு இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் கம்பால் குத்திப் பார்த்து நடக்கவும்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி வழக்கம். கார்பன் தூண்டில் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் கம்பைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் வெளியே வராதீர்கள். அணைக்குக் கீழே ஆற்றுக்கல்லில் நிற்பவர்களுக்கு இன்னொன்று: தலைக்கு மேலே வெயில் அடித்தாலும் மலையுச்சியில் மழை பெய்து வான்கதவு திறக்கலாம். சைரன் கேட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டிருக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.