அடுப்புச் சாம்பலைப் புழுதி கிளப்பாமல் அள்ளுவது எப்படி

2022இல் இலங்கையில் காஸ் தட்டுப்பாடு வந்தபோது சிலிண்டருக்கு வரிசையில் நின்று அலுத்துப்போய், கோடிப்புறத்தில் கவிழ்ந்து கிடந்த மண் அடுப்பை மறுபடி குசினிக்குள் கொண்டுவந்தோம். காஸ் திரும்பி வந்த பிறகும் அது வெளியே போகவில்லை. சோறு, கூழ், பயறு அவிப்பது, குளிக்க வெந்நீர் எல்லாம் இன்னும் விறகிலும் சிரட்டையிலும்தான். சமைப்பது ஒருபோதும் பிரச்சினையாக இருந்ததில்லை. மறுநாள் காலையில் சாம்பலை அள்ளுவதுதான் பிரச்சினை. அள்ளி முடித்ததும் பார்த்தால் அலுமாரியின் மேல், கழுவிக் கவிழ்த்த கோப்பைகளின் மேல், மிளகாய்த்தூள் போத்தலின் மூடி மேல் என்று எங்கும் மெல்லிய வெள்ளைப் படலம்.

முதல் வாரத்தில் நான் ஒரு மடத்தனம் செய்தேன். தண்ணீர் ஊற்றினால் புழுதி பறக்காது என்று நினைத்து, இரவு சமையல் முடிந்த கையோடு ஒரு செம்புத் தண்ணீரை அடுப்புக்குள் கவிழ்த்தேன். புஸ்ஸென்று மேலே கிளம்பிய சாம்பலில் முகம், தலைமயிர், புகைக்கூட்டுச் சுவர் எல்லாம் வெள்ளை. எட்டிப் பார்த்த அம்மம்மா "திருநீறு பூசுறதெண்டா நெற்றியில மட்டும் பூசு பிள்ளை" என்றுவிட்டுப் போனார். தண்ணீர் நீராவியாகும்போது சுமார் 1,600 மடங்கு விரியும். அது சூடான சாம்பலுக்கு அடியில் நடந்தால் குட்டி வெடிதான், முகத்தில் தணல் தெறிக்காமல் போனது என் அதிர்ஷ்டம். ஆகவே சூடான சாம்பலில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

எப்போது அள்ளுவது? காலையில், அடுப்பு மூட்டுவதற்கு முன்பு. இரவு முழுக்க ஆறியிருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் தீப்பெட்டியை மிச்சம் பிடிக்க, இரவில் தணலைச் சாம்பலால் மூடி வைத்து, காலையில் கிளறி ஊதுகுழலால் ஊதிப் பற்றவைப்பார்கள். அதாவது சாம்பல் தணலுக்குப் போர்வை. நீறு பூத்த நெருப்பு என்று சும்மா சொல்லவில்லை. சிரட்டையும் விறகின் அடிக்கட்டையும் ஊமலும் (காய்ந்த பனங்கொட்டை) எரிந்த அடுப்பில், மேலே விரல் வைக்கலாம் போல இருந்தாலும் அடியில் சிவப்பு இருக்கும். புறங்கையை ஒரு சாண் உயரத்தில் பிடித்துச் சூடு தெரிகிறதா பாருங்கள், அப்புறம் ஒரு கம்பியால் அடியிலிருந்து மெதுவாகப் புரட்டிப் பாருங்கள். சிவப்பு கண்ணில் பட்டால் அன்றைக்கு விட்டுவிடுவது நல்லது. ஒருநாள் சாம்பல் கூடினால் அடுப்பு ஒன்றும் கோபிக்காது.

காற்றையும் பாருங்கள். எங்கள் பக்கம் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கும், மார்கழி தையில் வடகிழக்கிலிருந்து வாடை. குசினிக் கதவு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதைப் பொறுத்து, காற்று நேரே உள்ளே வரும் பக்கத்து யன்னலைச் சாத்திவிட வேண்டும். ஃபானை நிறுத்துங்கள். சாப்பாட்டுச் சாமான்களுக்கு மேல் ஒரு துணி. வெயில் ஏறுவதற்கு முன்பு காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும், அதுதான் எனக்குப் பிடித்த நேரம்.

இனிச் சாமான்கள். மூடி உள்ள தகர வாளி ஒன்று கட்டாயம் வேண்டும். பெரிய பால்மா ரின் இருந்தாலும் போதும், ஆனால் அள்ளப்போகும் சாம்பலைவிட இரண்டு மடங்கு இடம் இருக்கட்டும். விளிம்புவரை நிரம்பிய ரின்னைத் தூக்கும்போதே பாதி பறந்துவிடும். பிளாஸ்டிக் வாளி, கடகம், உரப்பை மூன்றும் வேண்டாம், நான் ஒரு பிளாஸ்டிக் பேசினில் ஓட்டை விழுத்திய பிறகுதான் இதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறேன். அள்ளுவதற்குத் தட்டையான தகரக் கரண்டி, நீளப் பிடி இருந்தால் நல்லது. பிழிந்த ஈரச் சாக்கு ஒன்று. முகத்துக்கு, கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிய என்95 மாஸ்க் அலுமாரிக்குள் கிடந்தால் இதுதான் அதற்கு வேலை. துணி கட்டினால் பெரிய துகள் நிற்கும், நுண்ணிய தூசு நிற்காது. முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ளவர்கள் இந்த வேலையை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, தூசு அடங்கும்வரை முற்றத்தில் இருக்கட்டும்.

அள்ளும் முறையில்தான் விஷயம் இருக்கிறது. சாம்பல் பறப்பது அது இலேசாக இருப்பதால் மட்டும் இல்லை, உயரத்திலிருந்து விழும்போது கூடவே காற்றையும் தள்ளிக்கொண்டு போய், வாளியின் அடியில் மோதித் திரும்பி மேலே வருகிறது. அதனால் கொட்டக் கூடாது, வழுக்கிவிட வேண்டும். வாளியை அடுப்பு வாயோடு ஒட்டிச் சரித்து வையுங்கள். கரண்டியைச் சாம்பலுக்கு அடியில் மெதுவாகச் செலுத்தி, பாதி மட்டும் எடுத்து, வாளியின் அடிவரை இறக்கி, அங்கே வைத்துச் சரித்து, கரண்டியைப் பின்னால் இழுங்கள். வாளி வாயில் பாதியை ஈரச் சாக்கால் மூடியிருந்தால் மிச்சப் புழுதியும் அதில் ஒட்டிக்கொள்ளும். கரண்டியை விளிம்பில் டங் டங் என்று தட்டும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, அதை விட்டாலே பாதி வெற்றி.

நன்றாக ஆறிவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ஈரப்படுத்தலாம். எவ்வளவு ஈரம் என்றால், புட்டுக்கு மாக் குழைப்பது மாதிரி. கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், களியாகக் கூடாது. ஸ்பிரே போத்தல் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வேப்பங்குழை ஒன்றைத் தண்ணீரில் நனைத்து உதறுங்கள். வெறுங்கையால் அளைய வேண்டாம், ஈரமான விறகுச் சாம்பல் நல்ல காரம், தோலை அரிக்கும். கண்ணில் பட்டால் கசக்காமல் நிறையச் சுத்தத் தண்ணீர் விட்டு நீண்ட நேரம் கழுவி, எரிச்சல் நிற்காவிட்டால் வைத்தியரிடம் போங்கள்.

எல்லாச் சாம்பலையும் வழித்துத் துடைக்கத் தேவையில்லை. விறகு அடுப்பில் ஒரு விரல் கனத்துக்கு அடியில் விட்டுவிட்டால், அடுத்த நெருப்பு அதன் மேல் சூட்டைப் பிடித்துக்கொண்டு நன்றாக எரியும், நமக்கும் வேலை குறைவு. சிரட்டைக்கரி போடுகிற கம்பித் தட்டு அடுப்பு வேறு மாதிரி. அதற்குக் காற்று கீழேயிருந்துதான் வர வேண்டும், ஆகவே தட்டுக்குக் கீழே விழுந்ததை முழுதாக எடுக்க வேண்டும். இரண்டு வாய் உள்ள மண் அடுப்பு என்றால் பின்வாய்க்குள்ளும் கம்பியை விட்டுப் பாருங்கள், முன்வாயைச் சுத்தமாக்கிவிட்டுப் பின்னால் குவிந்ததை மறந்துபோய், புகை ஏன் கண்ணில் அடிக்கிறது என்று விறகைத் திட்டியவன் நான்.

முடிந்ததும் மூடியைப் போட்டு ஐந்து நிமிடம் அசையாமல் விடுங்கள். பிறகு வாளியை வெளியே கொண்டுபோங்கள். குசினிக்குள் வைத்திருக்க வேண்டாம், தணல் மிச்சம் இருந்தால் கார்பன் மொனொக்சைட் வரும், அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. வெறும் மண்ணிலோ சீமெந்திலோ, கிடுகு வேலிக்கும் விறகுக் குவியலுக்கும் காஸ் சிலிண்டருக்கும் தள்ளி வையுங்கள். நான் மூன்று நாள் தொடாமல் விடுகிறேன்.

நிலத்தில் சிந்தியதை ஈர்க்குமாற்றால் வரட்டுக்குக் கூட்டினால் இவ்வளவு பாடும் வீண். தேத்தண்ணி வடித்த சக்கையைப் பிழிந்து நிலத்தில் தூவி, அதோடு சேர்த்து மெதுவாகக் கூட்டுங்கள், தூசு அதில் ஒட்டிக்கொண்டு வரும். மேசை, தட்டுகளுக்கு ஈரத்துணி. வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்து விட்டுப்போன வக்யூம் கிளீனரை மட்டும் எடுக்காதீர்கள். சாதாரண பில்டருக்குள் சாம்பல் நிற்காமல் பின்பக்கத்தால் வீடு முழுக்க வரும், ஒரு தணல் துண்டு போனால் மெஷினே பற்றும்.

அப்புறம், இந்தச் சாம்பலை என்ன செய்வது. வளவுக்குள் போடலாம்தான், பொட்டாசியமும் கல்சியமும் இருக்கிறது. ஆனால் எங்கள் மண் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிற மண், பல இடத்தில் ஏற்கெனவே காரத்தன்மை, ஆகவே வெங்காயத் தறைக்கும் கத்தரிக்கும் மெல்லியதாகத் தூவினால் போதும், குவிக்க வேண்டாம். யூரியாவோடு கலந்தால் அமோனியாவாகப் பறந்து உரக்காசுதான் நட்டம். கிணற்றடியில் கொட்ட வேண்டாம். வர்ணம் பூசிய பலகை, பிளாஸ்டிக் எரித்த சாம்பல் தோட்டத்துக்கு ஆகாது. நிலக்கரிச் சாம்பலும் ஆகாது, அதில் ஆர்சனிக் போன்றவை இருக்கும். நாங்கள் கரி என்று சொல்வது சிரட்டைக்கரியும் விறகுக்கரியும்தான், நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் மின்சாரத்துக்கு எரிக்கும் நிலக்கரி வேறு சாமான்.

பாத்திரம் தேய்க்க வைப்பதானால் அலுமினியச் சட்டிக்குப் பாவிக்காதீர்கள், ஈரச் சாம்பல் அலுமினியத்தை அரிக்கும். அம்மம்மா வழுக்குகிற மீனைப் பிடித்து வெட்டவென்று ஒரு ரின் அரித்த சாம்பல் எப்போதும் வைத்திருப்பார். இந்த அரிப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான புழுதி. அதற்கு நான் கண்டுபிடித்த வழி, அரிதட்டையும் நன்றாக ஆறிய சாம்பலையும் ஒரு பெரிய உரப்பைக்குள் வைத்து, பை வாயைக் கையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளேயே ஆட்டுவது, ஆட்டி முடித்ததும் உடனே திறக்காமல் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வந்து திறப்பது.