டிவி ரிமோட் மக்கர் செய்கிறதா? தூக்கிப் போடும் முன் இதைச் செய்யுங்கள்

ரிமோட் வேலை செய்யாவிட்டால் நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம், உள்ளங்கையில் இரண்டு தட்டு. சில சமயம் பலிக்கவும் செய்யும். செல் லேசாக நகர்ந்து ஸ்பிரிங்கோடு ஒட்டியிருக்கும், அவ்வளவுதான்.

ரிமோட்டின் முனையில் ஒரு குட்டி எல்.இ.டி. இருக்கிறது. பட்டனை அழுத்தினால் அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விட்டுவிட்டு அனுப்பும். பெரும்பாலும் நொடிக்குச் சுமார் 38,000 துடிப்பு. டிவி அந்த வேகத்தில் துடிக்கும் ஒளிக்கு மட்டும்தான் காது கொடுக்கும்.

படி 1: செல்

இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழையது ஒன்று, புதியது ஒன்று என்று போடாதீர்கள். ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் செல் கசிந்திருக்கிறது. வெறும் கையால் தொடாமல், உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேயுங்கள்.

படி 2: கேமரா சோதனை

கோளாறு ரிமோட்டிலா டிவியிலா என்று இதில் தெரிந்துவிடும். போன் கேமராவைத் திறந்து, ரிமோட் முனையை அதற்கு நேரே காட்டி, பட்டனை அழுத்துங்கள். திரையில் ஊதா கலந்த வெள்ளையாக மினுக்கும். பின்பக்கக் கேமராவில் தெரியவில்லையா? செல்ஃபி கேமராவில் பாருங்கள். பல போன்களில் பின்பக்கக் கேமரா அகச்சிவப்பை வடிகட்டிவிடும். முதலில் நன்றாக வேலை செய்யும் ஏசி ரிமோட் ஒன்றை வைத்துப் பார்த்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

எல்லா பட்டனுக்கும் மினுக்கினால் ரிமோட் பெரும்பாலும் நலம்; டிவியின் சென்சாரை எதுவும் மறைக்கிறதா, நேர் வெயில் அடிக்கிறதா என்று பாருங்கள். எதற்குமே மினுக்காவிட்டால் எல்.இ.டி.யோ அதன் ஈயப் பற்றவைப்போ (சால்டரிங்) போயிருக்கலாம். சில பட்டனுக்கு மட்டும் இல்லையென்றால் அடுத்த படி. (புளூடூத் ரிமோட் மினுக்காது. அதை டிவியோடு மறுபடி இணைத்துப் பாருங்கள்.)

படி 3: திறந்து துடைத்தல்

செல் வைக்கும் குழிக்குள் ஸ்குரூ ஒளிந்திருக்கும். அதைக் கழற்றிவிட்டு, பழைய பிளாஸ்டிக் கார்டை விளிம்பில் செருகி மெல்ல நகர்த்துங்கள். கிளிப்புகள் 'டக் டக்' என்று விடும். உள்ளே ரப்பர் விரிப்பு, ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் கறுப்புக் கார்பன் பொட்டு. அந்தப் பொட்டு கீழே இருக்கும் சர்க்யூட் போர்டைத் தொட்டால்தான் மின்சாரம் பாயும். நடுவில் பிசுபிசுவென்று எண்ணெய்ப் படலம் படிந்திருக்கும், வில்லன் அதுதான்.

போர்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, ஈரமே இல்லாமல் உலர விடுங்கள். கார்பனைச் சுரண்டாதீர்கள். நான் ஒருமுறை ஆர்வக்கோளாறில் உப்புத்தாள் போட்டு, வால்யூம் பட்டனின் பொட்டையே காணாமல் ஆக்கினேன். பிறகு அலுமினியத் தாளில் மிளகு அளவு வெட்டி ஒட்டியதில் அது உயிர்பெற்றது.

ஸ்குரூவை முடுக்கும் முன் செல்லைப் போட்டு, எல்லா பட்டனையும் கேமராவில் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். மூடிய பிறகு மறுபடி திறப்பது மகா எரிச்சல்.